காற்று வரம்புக்குள்தான் இருந்தது. விமானம் ஏன் புல்லுக்குள் போனது?

இளம்விமானி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்தில் தனியார் விமானி உரிமத்துக்குப் பயிற்சி பெற்று வருகிறேன். ஓட்டுவது செஸ்னா 172எஸ் என்ற ஒற்றை என்ஜின் சிறு விமானம். தனியாகப் பறக்க அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் குறுக்குக் காற்று (ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் அடிக்கும் காற்று) 7 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) அளவைத் தாண்டினால் தனியாகப் போகக் கூடாது என்று என் பயிற்றுநர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்.

சென்ற வாரம் எங்கள் விமான நிலையத்தில் ஒரு விபத்தைப் பார்த்தேன். குளிர் முகப்பு (குளிர்ந்த காற்றுத் திரளின் முன் விளிம்பு) அதிகாலையிலேயே கடந்து போயிருந்தது. வானத்தில் மேகமே இல்லை. பயன்பாட்டில் இருந்தது ஓடுபாதை 35, அதாவது 350 பாகைத் திசையில் அமைந்தது. தானியங்கி வானிலை ஒலிபரப்பு சொன்ன காற்று: 290 பாகையிலிருந்து 14 நாட், கஸ்ட் (திடீர்க் காற்று வீச்சு) 24. வெளியூரிலிருந்து ஒரு 172 வந்தது. இடது இறக்கையைத் தாழ்த்தி வந்து, இடது சக்கரத்தை முதலில் வைத்தார்கள். பிறகு வலது சக்கரம், அதன் பின் முன்சக்கரம். எனக்கு அது மிக அழகான இறக்கமாகவே தெரிந்தது. சிறிது தூரம் ஓடிய பிறகு இடது இறக்கை மேலே எழுந்தது. மூக்கு இடப்பக்கம் வெட்டித் திரும்பியது. ஓடுபாதை விளக்கு ஒன்றை உடைத்துக்கொண்டு புல்லுக்குள் இறங்கியதும் முன்சக்கரக் கால் மடிந்துவிட்டது. புரொபெல்லர் மண்ணைக் கிளறிவிட்டு நின்றது. உள்ளே இருந்த இருவரும் தாங்களாகவே கதவைத் திறந்து இறங்கி வந்தார்கள். காயம் எதுவும் இல்லை.

அறைக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையே 60 பாகை. 14-ஐ 0.87-ஆல் பெருக்கினால் 12 நாட். விமானக் கையேட்டில் இருக்கும் எண் 15. ஆக வரம்புக்குள்தான் காற்று. சக்கரங்களும் சரியான வரிசையில்தான் தரையைத் தொட்டன. பிறகு எங்கே தவறியது? இன்னும் சில வாரங்களில் எனக்குத் தேர்வு. என் வரம்பு எது என்று நான் எப்படி முடிவு செய்வது?

காற்றுத்திசை எழுதியது:

தம்பி, பெருக்கலைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். பெருக்க எடுத்த எண்தான் சரியில்லை. 14-ஐ எடுத்துக்கொண்டு 24-ஐ விட்டுவிட்டீர்கள். 24-ஐப் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 21 நாட் வரும். அந்தத் தானியங்கி நிலையம் சொல்லும் 14 என்பது இரண்டு நிமிடச் சராசரி. கஸ்ட் என்பது அதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் பதிவான உச்சம். தரையில் ஓடும் சில விநாடிகளில் இரண்டில் எது அந்த விமானத்தின் மேல் வந்து மோதும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே திட்டமிடும்போது உச்சத்தைத்தான் எடுக்க வேண்டும். என் மாணவர்கள் யாரும் சராசரியை வைத்துக் கணக்குச் சொன்னால் நான் சாவியைத் தருவதில்லை.

நான் மதுரைக்காரி. கேன்சஸிலும் ஒக்லஹோமாவிலும் பயிற்றுநராக இருக்கிறேன். குளிர் முகப்பு கடந்த பிறகு வரும் வடமேற்குக் காற்றை நன்றாக அறிவேன். வானம் தெளிவாக இருப்பதைப் பார்த்து எல்லோரும் விமானத்தை வெளியே எடுப்பார்கள். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மேலே ஓடிக்கொண்டிருக்கும் வேகமான காற்று துண்டு துண்டாகக் கீழே இறங்கும். காலை எட்டு மணிக்கு அமைதியாக இருந்த ஓடுபாதை நண்பகலில் வேறு ஓடுபாதை ஆகிவிடும்.

அடுத்து அந்த 15. அது வரம்பே இல்லை. கையேட்டை மறுபடி திறந்து பாருங்கள். 'செய்து காட்டப்பட்டது' என்றுதான் இருக்கும். அந்த ரகத்துக்குச் சான்றிதழ் வாங்கும்போது சோதனை விமானி அந்த அளவுக் குறுக்குக் காற்றில் இறக்கிக் காட்டினார் என்பதே அதன் பொருள். பழைய அமெரிக்க விதி கேட்டதெல்லாம், இறங்கும் நிலையிலான ஸ்டால் வேகத்தில் (இறக்கை தூக்கும் விசையை இழக்கும் வேகம்) ஐந்தில் ஒரு பங்கு அளவுக் குறுக்குக் காற்றிலாவது விமானம் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதை. 172-க்கு அது 10 நாட் அளவில் வரும். உற்பத்தியாளர் 15 வரை காட்டியிருக்கிறார். பைப்பர் வாரியருக்கு 17, சிறிய செஸ்னா 152-க்கு 12. இதில் எந்த எண்ணும் உங்கள் கால்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. விமானியின் திறமையையும் பொறுத்தது என்று அந்தக் கையேடே ஒப்புக்கொள்கிறது.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான இடம்: இறங்கிய பிறகு என்ன நடந்தது? அந்த விமானியை நான் பார்க்கவில்லை, அவர்மேல் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் இடது இறக்கை எழுந்தது, மூக்கு இடப்பக்கம் திரும்பியது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசையை என் பக்கத்து இருக்கையிலிருந்து பலமுறை தொடக்கத்திலேயே பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அதனால் அந்த விநாடியை மெதுவாக விரித்துச் சொல்கிறேன்.

சக்கரம் தொடும்போது விமானம் 50 நாட்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. இறக்கைகள் எடையில் பெரும்பகுதியை இன்னும் தாங்கிக்கொண்டிருக்கின்றன. டயருக்குப் பிடிப்பு கொஞ்சம்தான். இந்த நேரத்தில் மாணவர் பெருமூச்சு விடுவார். தோள் தளரும். வலது கை த்ராட்டிலை (என்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) விட்டு ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடல்) நெம்புகோலுக்குப் போகும், அல்லது ரேடியோ பக்கம் போகும். வலது கை நகரும்போது இடது கையும் தன்னை அறியாமல் தளரும். காற்றுப் பக்கம் திருப்பி வைத்திருந்த யோக் (கையால் திருப்பும் கட்டுப்பாட்டுப் பிடி) நடுவுக்கு வந்துவிடும். அந்தக் கணத்தில் கஸ்ட் வந்தால் காற்றுப் பக்கத்து இறக்கை தூக்கப்படும், அந்தப் பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு எழும், அதற்கிருந்த கொஞ்சப் பிடிப்பும் போகும். அதே கஸ்ட் செங்குத்து வால் மீது அடித்து வாலைக் காற்று போகும் திசைக்குத் தள்ளும். மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும். ஓர் இறக்கை எழுந்த நிலையில், ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் நின்றுகொண்டு, ஓடுபாதையின் ஓரத்தைப் பார்த்துத் திரும்பிய விமானத்தை ரட்டரால் (கால்மிதிகளால் இயங்கும் வால் சுக்கான்) மட்டும் மீட்பது கடினம்.

ஆகவே சக்கரம் தொட்ட பிறகு ஏலெரானை (யோக்கைத் திருப்பினால் அசையும் இறக்கை மடல்) குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும். வேகம் குறையக் குறைய யோக்கை இன்னும் இன்னும் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டே போய், டாக்ஸி வேகத்துக்கு (தரையில் மெதுவாக ஊரும் வேகம்) வரும்போது முழுவதும் திரும்பியிருக்க வேண்டும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஏலெரானுக்கும் ரட்டருக்கும் கால் பங்கு வலுதான் மிச்சம். அந்தக் குறைவை ஈடு செய்யத்தான் அதிகம் திருப்புகிறோம். இதில் இன்னொரு உதவியும் உண்டு: இடப்பக்கம் திருப்பும்போது வலது இறக்கையின் ஏலெரான் கீழே இறங்கி அந்தப் பக்கம் இழுவையைக் கூட்டுகிறது. அந்த இழுவை மூக்கை வலப்பக்கம் இழுக்கிறது. அதாவது காற்று திருப்பப் பார்க்கும் திசைக்கு எதிராக.

ஃபிளாப்பைத் தொடாதீர்கள். ரேடியோவைத் தொடாதீர்கள். டவர் ஏதாவது கேட்டால் காத்திருக்கட்டும். ஓடுபாதையை விட்டு விலகி நின்ற பிறகு எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது.

ஹேங்கர் மெக்கானிக் எழுதியது:

அக்கா சொன்னது விமானியின் இருக்கையிலிருந்து தெரிவது. நான் பார்ப்பது அதற்கு மறுநாள் டிரெய்லரில் ஏற்றி எங்கள் ஹேங்கருக்கு (விமானக் கொட்டகை) கொண்டுவரப்படுவதை. டெக்ஸாஸில் சிறு விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலை.

முன்சக்கரக் கால் மடிந்த 172-இல் முதலில் என்ஜின் மூடியைக் கழற்றிவிட்டுத் தீத்தடுப்புச் சுவரைத்தான் பார்ப்பேன். முன்கால் அந்தத் தகட்டில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. அடி பலமாக இருந்தால் தகடு சுருங்கி மடிப்பு விழுந்திருக்கும், ரிவெட் தலைகளைச் சுற்றி வண்ணம் பெயர்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாத விமானங்களிலும் உள்ளே இந்த மடிப்பைப் பார்த்திருக்கிறேன். யாரோ எப்போதோ மூக்கில் இறக்கிவிட்டுச் சொல்லாமல் போயிருப்பார்கள். புரொபெல்லர் தரையில் மோதியிருந்தால் என்ஜினைப் பிரித்துப் பரிசோதிக்க வேண்டும் என்று என்ஜின் தயாரிக்கும் லைகமிங் நிறுவனத்தின் சேவை அறிக்கை 533 சொல்கிறது. புரொபெல்லரை மட்டும் மாற்றிவிட்டுப் பறக்கலாமா என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். கூடாது. உள்ளே கிராங்க் ஷாஃப்டில் (என்ஜினின் சுழலும் தண்டு) என்ன நடந்திருக்கிறது என்று வெளியே நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அமெரிக்க விதியில் 'கணிசமான சேதம்' என்பதற்கு வரையறை உண்டு. புரொபெல்லர் தரையில் பட்டு வளைவது, சக்கரக் கால், டயர், பிரேக், இறக்கை முனை ஆகியவற்றின் சேதம் இவை மட்டும் என்றால் அந்த வரையறைக்குள் வராது. ஆளுக்கும் காயமில்லை என்றால் அது விபத்துப் பட்டியலிலேயே ஏறாமல் போகலாம். ஆகவே இறங்கும்போது நிகழும் விபத்துகள் பற்றி நீங்கள் படிக்கும் எந்தக் கணக்கும் குறைவான கணக்கு. உண்மையில் நடப்பது அதைவிட அதிகம்.

ஒரு விஷயத்தில் பயிற்றுநர்களோடு எனக்கு மாறுபாடு உண்டு. கஸ்ட் இருந்தால் வேகத்தைக் கூட்டு என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்களிடம் வரும் முன்கால்களில் பல, மெதுவாக வந்து உடைந்தவை அல்ல. வேகமாக வந்து உடைந்தவை. இதை அக்கா எப்படிப் பார்க்கிறார்?

இளம்விமானி எழுதியது:

இருவருக்கும் நன்றி. 24-ஐ நான் கணக்கில் எடுக்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. மெக்கானிக் அண்ணன் எழுப்பிய கேள்விதான் எனக்கும். என் பயிற்றுநர் கஸ்டில் பாதியைச் சேர்க்கச் சொல்கிறார். ஃபிளாப் எவ்வளவு வைப்பது என்பதிலும் தெளிவில்லை. தொட்ட பிறகு நிலைமை கைமீறினால் மறுபடி எழும்பலாமா, அல்லது தரையில்தான் போராட வேண்டுமா?

காற்றுத்திசை எழுதியது:

மெக்கானிக் சொல்வது உண்மை. அதற்குக் காரணம் அந்த விதியல்ல, அதைச் செய்யும் முறை என்பது என் கருத்து.

விதி இதுதான்: உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைச் சேர்க்க வேண்டும். உங்கள் எடுத்துக்காட்டில் 24-இலிருந்து 14 போனால் 10, பாதி 5. நீங்கள் 65 நாட்டில் அணுகுபவர் என்றால் 70. காற்று திடீரென விழுந்தால் ஸ்டாலுக்கு மிக அருகில் போய்விடாமல் இருக்க அந்த 5. ஆனால் நடப்பது என்ன? பயத்தில் இன்னும் ஒரு 5, மேடு பள்ளமாக இருக்கிறது என்று மேலும் ஒரு 5 என்று சேர்த்து 80 நாட்டில் வந்து சேர்கிறார்கள். அந்த வேகத்தில் 172 இறங்க மறுக்கும். ஓர் இறக்கை நீளத்துக்கும் குறைவான உயரத்தில் தரைவிளைவு (தரைக்கு மிக அருகில் இறக்கை எளிதாகத் தூக்கப்படுவது) அதைத் தாங்கிக்கொண்டு மிதக்கவைக்கும். மிதக்கும் ஒவ்வொரு விநாடியும் கஸ்டுக்கு நாம் கொடுக்கும் வாய்ப்பு. ஓடுபாதை கரைவதைப் பார்த்துப் பொறுமையிழந்து யோக்கை முன்னே தள்ளுகிறார்கள். அங்கேதான் மெக்கானிக்கின் வேலை தொடங்குகிறது.

முன்னே தள்ளினால் உடைவது மட்டுமல்ல பிரச்சினை. 172-இன் எடைமையம் பின்சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் கோணலாகத் தொட்டாலும் தானாக நேராகப் பார்க்கிறது. மூக்கைத் தள்ளி எடையை முன்சக்கரத்தின் மேல் ஏற்றி, பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தளர்த்திவிட்டால், விமானம் முன்சக்கரத்தை அச்சாக வைத்துச் சுழலும். எடைமையம் இப்போது சுழலும் புள்ளிக்குப் பின்னால் போய்விட்டது. நேராக்கும் குணம் போய், திரும்பத் தொடங்கினால் மேலும் மேலும் திரும்பும் குணம் வந்துவிடுகிறது. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைக் கைப்பிடியைத் தூக்கித் தள்ளிப் பாருங்கள், உங்களுக்கே புரியும். ஆகவே பாதியைச் சேருங்கள், அதற்கு மேல் ஒரு நாட்கூட வேண்டாம். ஓடுபாதை விளிம்பைக் கடக்கும்போது அந்த எண் மீட்டரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்காமல் மேலேறிச் சுற்றி வாருங்கள்.

ஃபிளாப்: ஓடுபாதையின் நீளத்துக்கு எவ்வளவு தேவையோ அந்தக் குறைந்தபட்ச அளவு போதும் என்பதே 172 கையேட்டின் அறிவுரை. உங்கள் ஓடுபாதை நீளமானது என்றால் 10 அல்லது 20 பாகை. முழு ஃபிளாப்பில் இறக்கை காற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும், தரையில் உட்காராது. 20 பாகைக்கு மேல் ஃபிளாப் வைத்து முழு ரட்டரோடு சாய்த்து இறக்கினால் எலிவேட்டரில் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) லேசான அதிர்வை உணரலாம் என்றும் அதே கையேடு எச்சரிக்கிறது. முதல்முறை அந்த அதிர்வைக் கையில் உணரும் மாணவர் பதறிவிடுவார். பதற்றத்துக்கு அது நேரமில்லை.

மறுபடி எழும்புவது பற்றிக் கேட்டீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. முடிவை முடிந்தவரை மேலேயே எடுத்துவிடுங்கள். நான் வைக்கும் சோதனை இது: ஓடுபாதைக்கு நேராக மூக்கை வைக்க முழு ரட்டர் மிதித்தும் மூக்கு நேராகவில்லை என்றால் அந்தக் காற்றில் அந்த விமானத்துக்கு அந்த ஓடுபாதை இல்லை. வாதமே வேண்டாம். ரட்டர் தீர்ந்துவிட்டது என்று விமானமே சொல்கிறது. தரையைத் தொட்ட பிறகு, மையக்கோட்டின் மீது மூக்கு நேராக, வேகத்தோடு இருக்கும்போது எழும்பலாம். விமானம் ஓரத்தைப் பார்த்துத் திரும்பிவிட்ட பிறகு முழு சக்தி கொடுப்பது மிக ஆபத்தானது. விமானம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில்தான் பாயும். அங்கே ஹேங்கரோ மரமோ நிறுத்திவைத்த விமானங்களோ இருக்கும். புல்லில் உடையும் முன்கால் காசோடு போய்விடும். ஹேங்கர் சுவர் அப்படியல்ல.

உங்கள் சம்பவத்தில் காற்று இடப்பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள். முழு சக்தி கொடுக்கும்போது புரொபெல்லரின் விளைவால் மூக்கு இடப்பக்கம் போகும். இடக் காற்றும் மூக்கை இடப்பக்கமே இழுக்கும். இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இடக் காற்றில் எழும்பும்போது வலது காலில் வழக்கத்தைவிடப் பலமாக மிதிக்கத் தயாராக இருக்க வேண்டும். வலக் காற்றில் இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு சமன் செய்யும். முழு சக்தி, உடனே ஃபிளாப்பை 20-க்கு, வேகம் 60, பிறகு ஏறுங்கள். ஃபிளாப் முழுவதையும் ஒரே வீச்சில் மேலே இழுத்துவிடாதீர்கள். விமானம் தொப்பென்று இறங்கிவிடும்.

வால்சக்கரம் எழுதியது:

நல்ல விவாதம். பணி ஓய்வுக்குப் பிறகு கலிபோர்னியாவில் ஒரு பைப்பர் ஜே-3 கப் விமானத்தில் பறக்கிறேன். வால்சக்கர விமானத்தில் அம்மா சொன்ன எடைமையக் கதை தலைகீழ்: வாலில் ஒரு சிறு சக்கரமும் முன்னால் இரு பெரிய சக்கரங்களும் உள்ள அதில், எடைமையம் எப்போதுமே அந்தப் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால்தான் இருக்கிறது. முதல் விநாடியிலிருந்து கடைசி வரை காலை எடுக்கவே முடியாது. விமானம் முழுவதும் நின்ற பிறகுதான் நான் மூச்சு விடுவேன்.

இளம்விமானிக்கு ஒரு பின்னணியைச் சொல்லலாம் என்று தோன்றியது. குறுக்குக் காற்று என்ற பிரச்சினையே பெரிதும் ஓடுபாதையோடு பிறந்தது. தொடக்கக் காலத்தில் விமானத் திடல் என்பது பரந்த புல்வெளி. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிராக இறங்கினார்கள். பெர்லினில் டெம்பல்ஹோஃப் திடல் நீள்வட்டமாக இருப்பது அந்தக் காலத்தின் மிச்சம். விமானம் கனமாகி, கான்கிரீட் போட்டு, ஒரே திசையைத் தேர்ந்தெடுத்த பிறகு காற்றுக்கு நாம் ஈடு கொடுக்க வேண்டியதாயிற்று.

அதைப் பொறியியலால் தீர்க்கவும் முயன்றார்கள். ஃப்ரெட் வீக் வடிவமைத்த எர்கூப் விமானத்தில் ரட்டர் மிதிகளே கிடையாது. காற்றுக்கு மூக்கைத் திருப்பியபடியே கோணலாக வந்து தொடும். சக்கரக் கால்கள் அந்தப் பக்கவாட்டு அடியைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. செஸ்னா 195-க்குப் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும் சக்கரங்களை குட்இயர் நிறுவனம் செய்து கொடுத்தது. பி-52 குண்டுவீச்சு விமானத்தின் சக்கரத் தொகுதிகளை 20 பாகை வரை திருப்பி வைத்துக்கொண்டு, மூக்கு ஒரு பக்கமும் ஓட்டம் ஒரு பக்கமுமாக இறங்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. கோணலாக வந்து அப்படியே தொட்டால் 172-இன் டயரும் கால்களும்தான் பக்கவாட்டு அடியை வாங்கும். ஆகவே இறுதி அணுகலில் மூக்கைக் காற்றுக்குத் திருப்பி நேர்கோட்டில் வருவதும், தரைக்கு அருகே ரட்டரால் மூக்கை நேராக்கி, இறக்கையைத் தாழ்த்தி நகர்வை நிறுத்துவதும் இரண்டுமே கைவசம் இருக்க வேண்டும்.

ஹேங்கர் மெக்கானிக் எழுதியது:

ஐயா சொன்ன கோணல் அடியை டயரிலேயே படிக்கலாம். ஓடும் திசைக்குக் குறுக்கே, டயரின் ஓரத்தில் தேய்ந்த கோடுகள் இருக்கும். வாடகை விமானத்தை எடுக்கும் முன் குனிந்து பார்த்துவிட்டு எடுங்கள்.

பைப்பர் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 172-இல் விமானம் காற்றில் இருக்கும்போது முன்கால் முழுவதும் நீண்டு, சக்கரம் நேராகப் பூட்டிக்கொள்ளும். எடை ஏறிய பிறகுதான் மிதியோடு சேர்ந்து திரும்பும், அதுவும் ஸ்பிரிங் வழியாக. பைப்பர் செரோக்கி, வாரியர் வகைகளில் முன்சக்கரம் மிதிகளோடு நேரடியாக இணைந்திருக்கிறது. வலது மிதியை அழுத்தியபடி மூக்கை இறக்கினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பியபடியே தரையைத் தொடும். விமானம் அந்தப் பக்கம் வெட்டும். ஆகவே அவற்றில் மூக்கு தரையைத் தொடும் நேரத்தில் மிதிகளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு ரகத்துக்கும் மாறி மாறிப் பறப்பவர்கள் இதில் தடுமாறிப் பார்த்திருக்கிறேன்.

வேகம் பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன், அக்கா. பாதி மட்டும் சேர்த்தவர்களின் விமானங்கள் எங்களிடம் அவ்வளவாக வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இளம்விமானி எழுதியது:

மிக்க நன்றி. கடைசியாக ஒரு கேள்வி. தேர்வுக்குப் பிறகு 7 நாட் என்ற கட்டுப்பாடு போய்விடும். சட்டப்படி யாரும் என்னைத் தடுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

காற்றுத்திசை எழுதியது:

நல்ல கேள்வி. தேர்வில் வென்ற மறுநாளே 15-இல் பறந்து பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

உரிமம் வந்த பிறகும் பயிற்றுநரோடு பறக்கலாம், தம்பி. காற்று அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுத்து அவரை அழைத்துக்கொண்டு போங்கள். அமைதியான நாளில் பத்து முறை இறங்குவதால் இது வராது. ஓடுபாதையின் மேலே சில அடி உயரத்தில், தொடாமல், மையக்கோட்டின் மீது மூக்கை நேராக வைத்து முழு நீளமும் ஓட்டச் சொல்வேன். கஸ்ட் வரும்போது இறக்கையை இன்னும் தாழ்த்த வேண்டும், அது விழும்போது உடனே குறைக்க வேண்டும். ஒரு சாதாரண இறக்கத்தில் இதற்குச் சில விநாடிகள்தான் கிடைக்கும். இந்தப் பயிற்சியில் ஒரு முழு ஓடுபாதை கிடைக்கும். கால் தானாக வேலை செய்யத் தொடங்குவது அப்போதுதான். நீளமான ஓடுபாதையாக இருக்க வேண்டும், பக்கத்தில் பயிற்றுநர் இருக்க வேண்டும். தனியாக முயலாதீர்கள்.

உங்கள் வரம்பைக் கஸ்டின் உச்சத்தை வைத்து எழுதுங்கள். சராசரிக்கு ஓர் எண், உச்சத்துக்கு ஓர் எண், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கும் ஓர் எண். சீராக அடிக்கும் 12 நாட்டைவிட 6-க்கும் 16-க்கும் இடையில் துள்ளும் காற்று உங்களைப் போன்ற புதியவருக்குக் கடினம். காற்றின் திசையும் வேகமும் காட்டும் துணிக் காற்றுப் பையைப் பாருங்கள்: இங்கே நிறுவப்படும் பைகள் 15 நாட்டில் முழுவதும் நீட்டிக்கொள்ளும். இறுதி அணுகலில் பை விறைத்து, தொங்கி, மறுபடி விறைத்து நிற்பதைக் கண்டால் ஒலிபரப்பு சொன்ன எண்ணை மறந்துவிட்டுக் கண்ணில் தெரிவதை நம்புங்கள். ஓடுபாதைக்குக் காற்று வரும் பக்கம் ஹேங்கர் வரிசை இருந்தால் அது முடியும் இடம் எது என்று முன்பே பார்த்து வையுங்கள். மறைவில் அமைதியாக ஓடிவந்த விமானம் அந்த இடைவெளியில் முழுக் காற்றையும் ஒரே அடியாக வாங்கும். உங்கள் நிலையத்தில் அந்த 172 திரும்பிய இடத்துக்கு மேற்கே என்ன இருக்கிறது என்று அடுத்த முறை பாருங்கள்.

கிளம்பும் முன்பே இன்னொரு வேலை: காற்றுக்கு நேராக ஓடுபாதை உள்ள வேறொரு நிலையத்தை வரைபடத்தில் குறித்துவைத்து, அங்கே போகும் அளவு எரிபொருளும் வைத்துக்கொள்ளுங்கள். கேன்சஸில் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. சில சிறிய நிலையங்களில் பிரதான ஓடுபாதைக்குக் குறுக்கே புல் ஓடுபாதையும் உண்டு. வாடகை விமானம் என்றால் புல்லில் இறங்க அனுமதி இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். போக வேறு இடம் இருக்கிறது என்று தெரிந்தவர் மூன்றாவது முறை அதே ஓடுபாதையில் முயல மாட்டார்.

தேர்வன்று பரிசோதகர் குறுக்குக் காற்று பற்றிக் கட்டாயம் கேட்பார். 15 வரம்பா என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். காற்று அன்றைக்கு உங்கள் எண்ணைத் தாண்டியிருந்தால் இன்று பறக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, அதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. தேதி மாற்றிக் கொடுப்பார்கள். எப்படிப் போனது என்று இங்கே வந்து எழுதுங்கள்.